ஒரு பைனாகுலர், இரண்டு ஃபிளாஸ்க்

கேள்வி இது: "பணி ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு 62 வயது, மனைவிக்கு 58. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை; ஆனால் பேசுவதற்கும் எதுவும் இல்லை. ஆளுக்கொரு செல்பேசி, இருவருக்கும் பொதுவாக ஒரு டிவி. மனைவிக்கு எதிலும் ஆர்வமே இல்லாமல் போய்விட்டது. வாழ்க்கையின் மீதான ஆவல் குறையாமல் சேர்ந்து முதுமையடைவது எப்படி?"

எனக்கு 74 வயது. அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் பொது மருத்துவராக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு மதுரையில் வீட்டோடு சேர்ந்த ஒரு சின்ன கிளினிக்கை ஒன்பது ஆண்டுகள் நடத்தினேன். அங்கே வந்தவர்களில் பாதிப்பேர் வயதான தம்பதிகள். திருமணமாகி 47 ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

உடம்பிலிருந்து தொடங்குகிறேன், டாக்டர் புத்தி, மன்னியுங்கள். "எங்களுக்குள் பேச ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டு வந்த பல தம்பதிகளிடம் கோளாறு மனதில் இல்லை, காதில் இருந்தது. வயதானால் முதலில் போவது உச்ச ஒலிகள். பெண் குரலும் குழந்தைக் குரலும் மங்கும். ச, ஸ, த போன்ற ஒலிகள் நழுவிவிடும். உயிரெழுத்து மட்டும் வந்து சேரும். சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. அதனால்தான் தனக்குக் காது கேட்கவில்லை என்று அவருக்கே தெரியாது. எதிரில் இருப்பவர் முணுமுணுக்கிறார் என்றே நினைப்பார்.

எனக்கு நடந்ததும் அதுதான். ஆறு ஆண்டுகளுக்கு முன் என் மனைவி மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நான் அவளுக்கு வயதாகிறது என்று முடிவுகட்டினேன். பேத்தி வந்திருந்தபோதுதான், "தாத்தாவுக்கு டிவி சத்தம் முப்பது வேண்டும், பாட்டிக்குப் பன்னிரண்டு போதும்" என்று போட்டுடைத்தாள். செவித்திறன் பரிசோதனையில் இரண்டு காதிலும் குறைவு தெரிந்தது. பிறகு மனைவியிடம் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. "இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிற விஷயத்தை ஒரு தடவைகூடச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று தோன்றிவிட்டது" என்றாள்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கேஸ் சிலிண்டர் வந்தது, மாத்திரை போட்டீர்களா, தண்ணீர் வரி கட்டியாயிற்றா என்பதையெல்லாம் இரண்டு தடவை, மூன்று தடவைகூடச் சொல்வார்கள். எதிர்வீட்டு முருங்கையில் இதுவரை பார்க்காத ஒரு குருவி உட்கார்ந்திருந்தது என்பதை இரண்டாம் தடவை யாரும் சொல்ல மாட்டார்கள். அவசியமான பேச்சு தப்பிப் பிழைத்துவிடும். அவசியமில்லாததுதான் முதலில் சாகும். கணவன் மனைவிக்குள் சுவையாக இருந்ததெல்லாம் அந்த அவசியமில்லாத பேச்சுதான்.

காதுக் கருவி வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆடியோகிராம், அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம், எடுக்காமல் விற்பவரிடம் வாங்காதீர்கள். நான் அவசரப்பட்டு ஒரு கடையில் வாங்கிய முதல் கருவி இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பரிசோதித்து, என் காதுக்கேற்ப அமைத்துக்கொடுத்த இரண்டாவதுதான் காதில் இருக்கிறது. இது வெறும் வசதிக்கான விஷயமும் இல்லை. முதுமை மறதிநோய் குறித்து லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, நம்மால் மாற்றக்கூடிய காரணிகளாக 14-ஐச் சொல்கிறது. காது கேளாமை அதில் முன்பே இருந்தது. சரிசெய்யாமல் விட்ட பார்வைக் குறைவு புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

பார்வை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கண்புரை, உலகத்தின் மேல் டீ டிகாஷனை ஊற்றியது போல மஞ்சள் பூசிவிடும். என் மனைவிக்கு அறுவை சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்த மறுநாள், சமையலறைச் சுவரைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருடம் இந்தப் பிசுக்கோடா சமைத்தேன்?" என்று அலறினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அது பற்றி ஒன்றும் சொல்லாதது அவளுடைய பெருந்தன்மை.

அடுத்து, "மனைவிக்கு எதிலும் ஆர்வமே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இது சில மாதங்களில் வந்த மாற்றமா, பல ஆண்டுகளாக வந்ததா? சில மாதங்களில் வந்தது என்றால் அதை வயதின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 மூன்றையும் பாருங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். சில தூக்க மாத்திரைகளும் ஒவ்வாமை மாத்திரைகளும் மனதை மந்தமாக்கும். மனச்சோர்வு முதியவர்களுக்கு அழுகையாக வருவதைவிட, "எதுக்கு, வேண்டாம், விடுங்கள்" என்று வருவதே அதிகம். மறதிநோய்கூடச் சிலருக்கு மறதியில் தொடங்காமல் இந்த அக்கறையின்மையில் தொடங்கும். பயமுறுத்தவில்லை. சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்யாமல் தத்துவம் பேசக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளாக வந்தது என்றால், நான் உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஓய்வு பெற்றது நீங்கள். அவர் எப்போது ஓய்வு பெற்றார்? காலையில் காபி, டிபன், பிறகு சமையல், சாயங்காலம் மறுபடி காபி, இரவுக்கு இரண்டு சப்பாத்தி. முன்பு நீங்கள் அலுவலகம் போனபின் அவருக்கென்று பத்து முதல் நாலு வரை ஒரு வீடு இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. ஜப்பானில் ஓய்வுபெற்ற கணவனை 'நுரெ ஓச்சிபா' என்பார்கள். நனைந்த சருகு என்று பொருள். பெருக்கினாலும் துடைப்பத்தை விட்டுப் போகாதாம். நான் ஓய்வு பெற்ற முதல் மாதத்தில் அஞ்சறைப் பெட்டியை அகர வரிசையில் அடுக்கினேன். அன்று எனக்குக் கிடைத்த பேச்சை எழுத்தில் தர இயலாது. எதையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவலுக்கு முதலில் வேண்டியது, யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம். அதை அவருக்கு ஏற்படுத்திக் கொடுத்துவிட்டுப் பிறகு ஆர்வத்தைப் பற்றிப் பேசுங்கள்.

நான் வாரத்தில் மூன்று நாள் சமைக்கத் தொடங்கினேன். தியாகம் ஒன்றுமில்லை, எனக்கே அது சுவாரசியமாகிவிட்டது. முதல் வாரம் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. காயையும் புளிக்கரைசலையும் ஒன்றாக அடுப்பில் ஏற்றப் போனேன். "புளி ஊற்றினால் காய் வேகாது, முதலில் காயை வேகவிடுங்கள்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "என் மாமியார் சொன்னது. ஏன் என்று நீங்கள் சொல்லுங்கள், நீங்கள்தானே டாக்டர்." தேடிப் படித்தேன். காயின் செல்களைப் பிணைத்து வைத்திருப்பது பெக்டின். அமிலம் அது கரைந்து இளகுவதைத் தாமதப்படுத்துகிறது. வந்து சொன்னேன். அவள் நம்பவில்லை. மறுநாள் ஒரு கத்திரிக்காயை நாலாக நறுக்கி, இரண்டு துண்டை வெறும் நீரிலும் இரண்டைப் புளிநீரிலும் போட்டு, ஒரே நேரம் வேகவைத்து, கரண்டிக் காம்பால் குத்திப் பார்த்தாள். புளிநீரில் வெந்தது விறைப்பாகவே நின்றது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவள் செய்துவந்த ஒரு காரியத்தைப் பற்றி அதுவரை அவளிடம் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. நான் உட்பட.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. ஆவலை வெளியே தேடுவதற்கு முன், "என் மனைவியை எனக்குத் தெரியாதா?" என்ற நினைப்பைச் சந்தேகியுங்கள். பாசல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஷைபெஹென்னவும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 38 இளம் ஜோடிகள், சராசரியாக நாற்பதாண்டு சேர்ந்து வாழ்ந்த 20 முதிய ஜோடிகள். உணவு, சினிமா, சமையலறை அமைப்பு ஆகியவற்றில் தன் துணைக்கு எது பிடிக்கும் என்று ஒவ்வொருவரும் ஊகிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் மட்டுமே பழகிய இளைஞர்களைவிட நாற்பதாண்டுத் தம்பதிகளே அதிகம் தவறினார்கள். சின்ன ஆய்வுதான், இதை வைத்து ஊர்வலம் போக முடியாது. ஆனால் காரணம் எளிதாக விளங்குகிறது. புதிதாகப் பழகுபவர்கள் கவனிக்கிறார்கள். நாம் 1985-இல் எடுத்த குறிப்பை வைத்துக்கொண்டே காலம் தள்ளுகிறோம். இடையில் ஆள் மாறிவிட்டார்.

இதைப் படித்துவிட்டு நாங்களும் ஒரு தேர்வு வைத்துக்கொண்டோம். ஆளுக்குப் பத்துக் கேள்வி. பதிலை மடித்து வைத்துவிட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும். நான் வாங்கியது நாலு, அவள் ஏழு. அவளுக்குப் பிடித்த பலகாரம் என்ற கேள்விக்கு நான் சற்றும் தயங்காமல் அதிரசம் என்று எழுதினேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் தேடிப்போய் வாங்கி வருபவன் நான்தான். அவள் எழுதியிருந்தது, 'சொல்லக்கூடாது என்று நினைத்தேன், அதிரசம் பிடிக்காமல் போய்ப் பத்து வருடமாயிற்று.' போக விரும்பும் ஊர் என்ற இடத்தில் நான் காசி என்று எழுதினேன். அவள் எழுதியது மாங்குளம். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்.

மாங்குளத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவள் கல்யாணத்துக்கு முன் வரலாறு படித்தவள். அங்கே மலைக்குகையின் நெற்றியில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வரும் கல்வெட்டு, தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழியில் இருக்கிறது. 1882-இல் ராபர்ட் சிவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி கண்டது. பாடத்தில் படித்ததை நேரில் பார்த்ததில்லை. அதுதான் விஷயம். 47 ஆண்டுகளில் இது என் காதுக்கு வந்ததே இல்லை. இதற்குக் காதுக் கருவியைக் குறை சொல்ல முடியாது.

போனோம். அதற்குப் பிறகு நிற்கவில்லை. மதுரையில் இதற்கெல்லாம் துணைக்கு ஆள் உண்டு; பசுமை நடை போன்ற குழுக்கள் மலைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்துப் போகின்றன. அவள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் தமிழி எழுத்து அட்டையை ஒட்டிவைத்துக்கொண்டு, 68 வயதில் அரிச்சுவடி கற்றாள். எனக்குக் கல்லில் ஈடுபாடு கிடையாது. எனக்கு வேட்டைப் பறவைகள். ஆளுக்கொரு பைத்தியம். இரண்டுக்கும் பொதுவாக அமைந்த இடம், மேலூர்ப் பக்கம் உள்ள அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்களே, அதே ஊர். அங்கே லகர் வல்லூறும் ராஜாளியும் உண்டு. கழிஞ்ச மலையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தமிழிக் கல்வெட்டும், பாண்டியர் காலக் குடைவரையும், சமணத் தீர்த்தங்கரர் சிற்பமும் உண்டு.

கல்வெட்டைப் படிக்கச் சாய்வெயில் வேண்டும். பொழுது ஏற ஏற எழுத்தின் நிழல் சுருங்கி, பாறை மொட்டையாகிவிடும். ஆகவே அவளுக்குச் சீக்கிரம் போயாக வேண்டும். வேட்டைப் பறவைகளோ பாறை சூடேறி, காற்று மேலே கிளம்பிய பிறகுதான் வட்டமடிக்கத் தொடங்கும். ஆகவே எனக்கு ஒன்பது மணிக்கு மேல் இருந்தாக வேண்டும். விடியலில் போய்ப் பத்தரைக்குத் திரும்புவது என்று உடன்பாடு. அவள் குகையடியில், நான் பாறை விளிம்பில். இடையில் கூப்பிடு தூரம். அதனால் ஃபிளாஸ்க் இரண்டு. அவளுக்குக் காபி, எனக்குச் சர்க்கரை போடாத டீ. தகராறு பைனாகுலரில்தான். எழுத்துகள் தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில் இருக்கின்றன. வெறும் கண்ணுக்குக் கோடுகள் மட்டுமே தெரியும். என் பைனாகுலரை வாங்கி வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் போவாள். சரியாக வல்லூறு கிளம்பும் நேரத்தில் அவள் 'ழ'வில் இருப்பாள்.

அந்த 'ழ' எங்களுக்கு மூன்று மாதம் ஓடியது. கல்வெட்டில் குகை என்ற பொருளில் 'முழாகை' என்று வருகிறது. நெல்வேலியைச் சேர்ந்த அதினன் வெளியன் என்பவன் செய்துகொடுத்த குகை என்று அறிஞர்கள் படித்திருக்கிறார்கள். முழை என்றால் குகை, அது சரி; 'கை' எங்கிருந்து வந்தது? அவள் அகராதிகளைப் புரட்டினாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு விளக்கைப் போட்டு, "குகையில் வரும் 'கை'யாக இருக்குமோ?" என்றேன். "தூங்குங்கள்" என்றாள். ஐந்து நிமிடம் கழித்து இருட்டில், "இருக்காது" என்றாள். இன்னும் முடிவாகவில்லை.

ஒரே பொழுதுபோக்கில் இருவரையும் கட்டிப்போடச் சொல்லும் அறிவுரைகளை நான் நம்புவதில்லை. ஒரே ஜன்னலில் இருவரும் நின்றால் ஒருவருக்கொருவர் சொல்ல என்ன இருக்கிறது? இருவரும் பார்த்தாயிற்றே. ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்க்காதபோதுதான் திரும்பி வரும் பஸ்ஸில் பேச்சு இருக்கும். அதே சமயம், இருவருக்கும் பழக்கமில்லாத ஒன்றை அவ்வப்போது சேர்ந்து செய்வதற்கும் பலன் உண்டு. 1993-இல் ஆர்தர் ஆரனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், திருமணமான 53 தம்பதிகளைப் பிரித்து, பத்து வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம், சிலரைக் கிளர்ச்சியூட்டும் காரியங்களிலும் சிலரை வெறுமனே இனிமையான காரியங்களிலும் ஈடுபடச் செய்தார்கள். உறவில் நிறைவு அதிகம் கூடியது முதல் வகையினருக்கு. வாராவாரம் அதே ஹோட்டலில் அதே நெய்ரோஸ்ட் சாப்பிடுவது இரண்டாம் வகை.

மூளைக்கும் இதே கதைதான். டெக்சாஸில் டெனிஸ் பார்க் குழுவினர் 60 முதல் 90 வயது வரையிலான 221 பேரை வைத்து மூன்று மாதம் செய்த ஆய்வு 2014-இல் வந்தது. வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம்போல டிஜிட்டல் புகைப்படக்கலை கற்றவர்களுக்கு நினைவாற்றல் கூடியது. கூடி உட்கார்ந்து பேசிக் களித்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. கஷ்டப்பட்டுக் கற்க வேண்டும். சும்மா பொழுது போனால் போதாது. ஆவல் அதிகமுள்ள முதியவர்கள் அதிக நாள் வாழ்கிறார்கள் என்றும் ஓர் ஆய்வு உண்டு (1996, சராசரி வயது 70-ஐத் தாண்டிய 1,118 ஆண்களை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தது). அதை நான் அடக்கித்தான் சொல்வேன். உள்ளே நோய் ஊறிக்கொண்டிருப்பவனுக்கு ஆவல் முதலிலேயே குறைந்திருக்கலாம் அல்லவா? ஆயுளுக்காக ஆர்வப்படுவது எனக்கு உவப்பாகவும் இல்லை.

எனக்குப் பிடித்த தம்பதி லண்டனில் இருந்தார்கள். வில்லியம் ஹக்கின்ஸ், மார்கரெட் ஹக்கின்ஸ். டல்ஸ் ஹில் பகுதியில் வீட்டோடு ஒரு வானாய்வகம். 1875-இல் மணந்தபோது அவருக்கு 51, அந்த அம்மாளுக்கு 27. விண்மீன்களின் ஒளியைப் பிரித்து, அவை எதனால் ஆனவை என்று பார்ப்பது அவர்கள் வேலை. மார்கரெட் வெறும் உதவியாளர் அல்ல என்பதை அவர்களுடைய ஆய்வுக் குறிப்பேடுகளே காட்டுகின்றன. இருவரும் சேர்ந்து 1899-இல் விண்மீன் நிறமாலைத் தொகுப்பை வெளியிட்டார்கள். அதோடு ஓய்ந்திருக்கலாம். 1903-இல், கணவருக்கு 79 வயது ஆகும்போது, புதிதாக வந்திருந்த ரேடியம் இருட்டில் ஏன் ஒளிர்கிறது என்ற கேள்வி பிடித்துக்கொண்டது. விண்மீனுக்கு வைத்திருந்த கருவியை ரேடியத்தின் பக்கம் திருப்பினார்கள். அந்த ஒளியில் காற்றிலுள்ள நைட்ரஜனின் கோடுகள் தெரிந்தன. 1908-இல் தொலைநோக்கிகளை ராயல் சொசைட்டியிடம் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் அவர் காலமானார். வானத்தைப் பார்த்துப் பழகிய கருவியை மேசைமேல் இருந்த துளிக்குத் திருப்பினார்களே, அந்த இடத்தை எப்போது நினைத்தாலும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

இதற்கெல்லாம் பணம் வேண்டாமா என்பீர்கள். கொச்சியில் சின்ன டீக்கடை நடத்திய விஜயன்–மோகனா தம்பதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடை வருமானத்தில் தினமும் 300 ரூபாய் எடுத்து வைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, ஊர் திரும்பிக் கடனை அடைத்து, மறுபடி கிளம்பி, 25 நாடுகளுக்கு மேல் பார்த்தார்கள். ரஷ்யா போய்வந்த சில வாரங்களில், 2021 நவம்பரில் விஜயன் இறந்தார். எல்லோரும் நாடுகளை எண்ணுகிறார்கள். என் கண்ணில் நிற்பது அந்தத் தினசரி 300 ரூபாய்தான். ஒரு நாள் தவறாமல் இருவரும் ஒரே ஆசைக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். மற்றபடி பயணம் போவதையே ஆவல் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். பதினோரு தலத்தை ஏழு நாளில் காட்டும் பஸ்ஸில் ஏறி, ஒவ்வொரு இடத்திலும் செல்ஃபி எடுத்து, ஒன்றையும் பார்க்காமல் திரும்பியவர்கள் எனக்கு உறவிலேயே இருக்கிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இருவரில் ஒருவர் முன்னால் போவோம். கிளினிக்கில் நான் பார்த்த வரையில், துணையின் வழியாக மட்டுமே உலகத்தைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் அதற்குப் பிறகு மிகவும் திண்டாடினார்கள். பெரும்பாலும் ஆண்கள். சொந்தமாக ஒரு கேள்வியை வைத்திருந்தவர்களும் அழுதார்கள். ஆனால் ஓராண்டு கழித்து வந்தபோது பேசுவதற்கு வேறு ஏதோ கொண்டுவந்தார்கள். ஆகவே உங்கள் மனைவி உங்களைவிட்டு வாரத்தில் ஒருநாள் எங்காவது போனால், நீங்கள் வீட்டில் இருங்கள். கூடப் போகாதீர்கள்.

நாங்களும் இதைப் பேசியிருக்கிறோம். போன மாதம் அரிட்டாபட்டியிலிருந்து திரும்பும்போது, மேலூர் பஸ் நிலையத்தில், "உங்களுக்குப் பிறகு இந்தப் பைனாகுலர் யாருக்கு?" என்று கேட்டாள்.

"உனக்குத்தான். கல்வெட்டுக்கு உதவும்."

"எனக்கு இது கனம், கை கடுக்கிறது. அதுவரை ஏன் காத்திருக்க வேண்டும்? எனக்கென்று சின்னதாக ஒன்று இப்போதே வாங்கிக் கொடுங்கள்."

வருகிற சனிக்கிழமை வாங்கப் போகிறோம்.